இன்னும் இரண்டு வருடம்

மார்ச் 4

மாஸ்டருக்கு,

கப்பல் கிச்சனில் நின்று நீங்கள் கத்த, இங்கே லேப் வாசல்படியில் நின்று நான் கத்த, லைன் அறுந்துபோய், ஒரு வாரம் இரண்டு பேரும் உர்ரென்று இருந்தோமே, அன்றைக்குப் போட்ட சட்டம் இது. போனில் பாப்பாவின் படிப்பைப் பேசலாம், இருமலைப் பேசலாம், மழையைப் பேசலாம். பணம் மட்டும் கடிதத்தில்தான். சட்டத்தை மதித்து எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பா, "எப்பப்பா ஒரேயடியா வருவீங்க?" என்று கேட்டாள். "இன்னும் ரெண்டு வருஷம்டா" என்றீர்கள். அவள் நர்சரியில் படிக்கும்போதும் இதையேதான் சொன்னீர்கள். இப்போது அவள் என் செருப்பைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். அன்றைக்குப் போனை வைத்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை அப்படிச் சிரிக்கக் கூடாது.

எந்தக் கணக்கில் வந்தது இந்த இரண்டு வருடம்? லேபில் ஒருவரின் ரத்தத்தை எடுத்துவிட்டு, 'சர்க்கரை குத்துமதிப்பாக இவ்வளவு இருக்கும்' என்று நான் எழுதிக் கொடுத்தால், மறுநாளே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நம் வாழ்க்கை மட்டும் குத்துமதிப்பில் ஓடுகிறது.

அதனால் நானே படிக்க ஆரம்பித்திருக்கிறேன். லைப்ரரியில் குடும்பப் பணத்தை நிர்வகிப்பது பற்றி ஒரு தடிப் புத்தகம் கிடைத்தது. முதல் பத்து பக்கத்துக்குள் மூன்று தடவை தூங்கிவிட்டேன். சந்தேகம் கேட்க வங்கிக்குப் போனால், அங்கிருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கம்மா" என்றாள். "அவர் வர்றதுக்குத்தாங்க கணக்குப் போடறேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்திருக்கும்.

நான் கண்டுபிடிக்கப் போவது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் எப்போது வீட்டுக்கு வரலாம்? நம்மிடம் எவ்வளவு இருந்தால் போதும் என்று நினைத்திருக்கிறீர்கள், அந்தத் தொகையை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

உங்கள் ஊசி


ஏப்ரல் 11

அன்புள்ள ஊசிக்கு,

கம்பெனித் தபால் பையில் உன் கடிதம் வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்து படித்தேன். மூட்டையில் உட்காராதே என்று நீ சொல்வாய். வேறு இடமில்லை.

இந்த வயதில் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்கிறாயே, நல்லதுதான். ஆனால் தலையைப் போட்டு உடைத்துக்கொள்ளாதே. பணம் சம்பாதிக்கிற தலைவலி என்னோடு போகட்டும்.

தொகை கேட்டாய். நாற்பது லட்சம். முன்னால் இருந்த கப்பலில் இரண்டாம் இன்ஜினியர் ஒருவர் வேலையை விட்டு இறங்கும்போது, "நாப்பது சேர்ந்துருச்சு மாஸ்டர், இனிமே ராஜா நான்" என்றார். அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டேன். நம்மிடம் வீட்டைச் சேர்க்காமல் இருபத்தைந்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். நீயே சரியாகப் பார்த்துக்கொள்.

இன்னொன்று. உன் பேரில் அண்ணன் போட்டுக் கொடுத்த பாலிசியில் மட்டும் கை வைக்காதே. அவர் மனது கஷ்டப்படும்.

இங்கே புதுக் காப்டன் உப்பில்லாமல் சாப்பிடுகிறார். மற்ற இருபத்தோரு பேருக்கும் உப்பு வேண்டும். இரண்டு சட்டி வைக்கிறேன்.

மாஸ்டர்


மே 20

மாஸ்டருக்கு,

வாழ்க்கையில் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டேன். இரண்டும் கசப்பு.

முதலாவது, எனக்குத் துணிச்சல் கிடையாது. சிறிய தொகை ஒன்றைப் பங்குச் சந்தையில் முதலீடு செய்கிற ஒரு ஃபண்டில் போட்டேன். போட்ட பத்தாவது நாள் விலை இறங்கியது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை போனை எடுத்துப் பார்த்தேன். ஒரு பெரியவருக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டாம் முறை குத்த வேண்டியதாகிவிட்டது. அன்று சாயங்காலமே நஷ்டத்துக்கு எடுத்துவிட்டேன். அடுத்த வாரம் விலை ஏறிவிட்டது. புத்தகத்தில் இதற்கென்று ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது, 'புதியவர்கள் செய்யும் தவறு' என்று. அப்போது நான் அந்தப் பக்கத்துக்கு வந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, பணவீக்கம். இன்றைக்கு நூறுக்கு வாங்குகிற சாமான் பத்து வருடம் கழித்து இருநூறுக்கு நெருங்கிவிடும். இது நமக்கு ஏற்கெனவே தெரியும், கடைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் காகிதத்தில் போட்டுப் பார்த்தது இப்போதுதான். நம் செலவை வைத்து, மிச்சமிருக்கிற வருடத்தை வைத்து, விலை ஏற்றத்தை வைத்துப் போட்டேன். உங்கள் நாற்பது ஒரு மூலைக்குக் காணாது. இந்தக் கணக்குப்படி நீங்கள் இன்னும் பன்னிரண்டு வருடம் கழித்து, ஐம்பத்தெட்டு வயதில்தான் வர முடியும். பாப்பாவுக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கும்.

ரத்தம் எடுக்கிற அறையில் திரையை இழுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். நம்புங்கள், கணக்குப் போட்டு நான் அழுதது நாலாம் வகுப்புக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. நீங்கள் என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?

ஊசி


ஜூன் 24

அன்புள்ள ஊசிக்கு,

அழாதே. இதற்குத்தான் தலையை உடைத்துக்கொள்ளாதே என்றேன்.

பார்த்தாயா, இன்னும் சம்பாதிக்க வேண்டும் என்று நான் குத்துமதிப்பாகச் சொன்னாலும் தப்பாகச் சொல்லவில்லை. கப்பல் வேலையை விடுகிற நேரம் இது இல்லை. நல்ல வேளையாகக் கம்பெனியே கூப்பிட்டுப் பேசியிருக்கிறது. பெரிய கப்பல், தலைமைச் சமையல்காரர் வேலை, சம்பளமும் கூட. மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம். இந்த வருடக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டால் போதும். போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். கிச்சன் எவ்வளவு பெரிது தெரியுமா? நம் வீட்டு ஹாலும் இரண்டு அறையும் உள்ளே போகும். ரொட்டி சுடத் தனி அடுப்பு.

உன் படிப்பு வீண் போகவில்லை என்று வைத்துக்கொள். பாப்பாவிடம் இப்போது இதைச் சொல்லாதே, விடுமுறையில் நானே சொல்லிக்கொள்கிறேன். மனதைத் தளர விடாமல் நன்றாகச் சாப்பிடு.

மாஸ்டர்


ஜூலை 30

மாஸ்டருக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பன்னிரண்டு வருடம் வர முடியாது என்று எழுதினேன். அதற்கு வருகிற பதில் ரொட்டி அடுப்பைப் பற்றி இருக்கிறது. இதை அப்புறம் பேசுகிறேன்.

முதலில், என் கணக்கு தப்பு. இரண்டு இடத்தில் தப்பு.

உங்கள் இரண்டாம் இன்ஜினியருக்கு அப்போது என்ன வயது? அறுபது என்று ஆறு வருடத்துக்கு முன்னால் நீங்களே சொன்னீர்கள். இறங்கியபின் வேலைக்கே போகாமல் ஈஸி சேரில் கிடக்க அவர் சேர்த்த பணம் அது. நீங்கள் நாற்பத்தாறு வயது ஆள். கையும் காலும் நன்றாக இருக்கிறது. வந்த மறுநாளிலிருந்து சாகும் வரை சும்மா இருப்பீர்கள் என்று நானும் மண்டையை ஆட்டிக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் அளவுக்குத் தைத்த சட்டையை நீங்கள் ஆறு வருடமாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்!

இரண்டாவது தப்பைக் கண்டுபிடிக்கத்தான் நாளாயிற்று. மாதச் செலவு என்று மொத்தமாக ஒரு தொகை எடுத்திருந்தேன். புத்தகம் அது செல்லாது என்கிறது, ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்கிறது. பார்த்தேன். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்று ரத்தம் எடுக்க ஓடுகிறேன், அதனால் மூன்று வேளையும் மெஸ் சாப்பாடு. ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுகிற ஆளின் வீட்டில் அடுப்பு பற்றுவதில்லை. பாப்பாவைக் கொண்டுபோய் விட ஆளில்லை, அதனால் வேன். குழாய் ஒழுகினால் ஒரு ஆள், தாழ்ப்பாள் கழன்றால் இன்னொரு ஆள். நீங்கள் வராத ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளுக்கு ஒரு பெரிய பொருள். அந்த சைக்கிள், அந்தக் கேமரா, இரண்டு கடிகாரம். அப்புறம் நீங்கள் வந்தால், சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் பை பையாக ஏதாவது, தினமும் டாக்சி, தினமும் விருந்து. இரண்டு மாத விடுமுறையில் ஆறு மாதக் காசு போகிறது.

எல்லாவற்றையும் கூட்டினேன். நம் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், நீங்கள் இங்கே இல்லாததற்காக ஆகிற செலவு. அதைச் சம்பாதிக்க நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எதையாவது எடுத்து எறியலாம் போலவும் இருந்தது.

அதைக் கழித்துவிட்டால், என் சம்பளமும், கரையில் ஏதாவது கேண்டீனில் நீங்கள் வாங்கக்கூடிய பாதிச் சம்பளமும் சேர்ந்தால் வீடு ஓடும். சேமிப்பைத் தொட வேண்டாம். அது பாப்பாவின் படிப்புக்கும் நம் வயதான காலத்துக்கும் தானாக வளரட்டும். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், லேப் கணக்காளரிடமும் காட்டினேன். சரி என்றார்.

பாலிசியையும் நிறுத்திவிட்டேன். இருபது வருடம் கட்டினால் வங்கியில் போட்டதைவிடக் குறைவாகத்தான் வரும், நான் செத்தால் வருகிற தொகையும் சொற்பம். இதுவரை கட்டியது அப்படியே இருக்கும், இனிமேல் கட்ட வேண்டாம். அந்தத் தவணையில் பத்தில் ஒரு பங்குக்கு, செத்தால் மட்டும் தொகை வருகிற வெறும் ஆயுள் காப்பீடு என் பேரில் எடுத்தாயிற்று. உங்கள் அண்ணனிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். காபி கொடுக்கவில்லை.

இப்போதைய ஒப்பந்தம் முடிந்ததும், நீங்கள் ஜனவரியில் வரலாம். கையெழுத்துப் போடாதீர்கள்.

ஊசி


ஆகஸ்ட் 29

ஊசிக்கு,

அண்ணன் போன் செய்தார். "தம்பி, உன் பொண்டாட்டி புத்தகத்தைப் படிச்சுட்டு எனக்கு வகுப்பு எடுத்துட்டுப் போறா" என்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உன் கணக்கில் சில விஷயங்கள் விட்டுப்போயிருக்கின்றன. மாடிக் கூரையில் ஈரம் இறங்குகிறது, அதற்குப் பெரிய செலவு இருக்கிறது. பாப்பா டாக்டருக்குப் படிக்கிறேன் என்றால் என்ன செய்வாய்? கரையில் எனக்கு யார் வேலை தருவார்கள்? கேண்டீனில் இருபத்திரண்டு வயதுப் பையன்களை வைத்துக்கொண்டு பாதிச் சம்பளத்தில் ஓட்டுகிறார்கள். எனக்கு ஏதாவது உடம்புக்கு வந்தால்? இதையெல்லாம் உன் புத்தகம் சொல்லியிருக்காது.

மூன்று வருடம்தானே. யோசித்து எழுது.

மாஸ்டர்


செப்டம்பர் 21

மாஸ்டருக்கு,

கூரைக்கு ஆளை அழைத்துக் காட்டினேன். நீங்கள் நினைக்கிற செலவில் கால்வாசி. அடுத்த மாதம் முடிந்துவிடும். பாப்பாவுக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறது, டாக்டர் பயம் வேண்டாம். எங்கள் லேப் இருக்கிற ஆஸ்பத்திரியின் கேண்டீன் காண்ட்ராக்டர் ஆள் தேடுகிறார். கப்பல் சமையல்காரர் என்றதும், "எப்ப வர்றாரு?" என்றுதான் கேட்டார், வயதைக் கேட்கவில்லை. உடம்புக்கு வந்தால் என்பதற்கு மருத்துவக் காப்பீடு மூன்று பேருக்கும் எடுத்தாயிற்று. உங்களைக் கேட்காமல் அண்ணனிடம் போனது தப்புதான். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், அதனால் கேட்கவில்லை.

வேறு என்ன?

மேலும் காரணம் அனுப்பினால் அதற்கும் பதில் கண்டுபிடிப்பேன், இப்போது எனக்கு வழி தெரிந்துவிட்டது. ஆனால் நான் பயப்படுவது வேறொன்றுக்கு. இத்தனை வருடம் பணம் போதவில்லை, அதனால் நீங்கள் வரவில்லை என்று நம்பியிருந்தேன். அதில் ஒரு நிம்மதி இருந்தது. வர விருப்பமில்லை என்றால் அதைச் சொல்லுங்கள். தாங்கிக்கொள்ள முடியுமா தெரியவில்லை, பார்க்கிறேன். ஆனால் அதைக் கணக்கின் தலையில் கட்டாதீர்கள்.

ஊசி


அக்டோபர் 25

அன்புள்ள ஊசிக்கு,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

விருப்பமில்லாமல் இல்லை. போன விடுமுறையை நினைத்துப் பார். முதல் நாள் ஸ்பூன் எடுக்க மூன்று இழுப்பறையைத் திறந்தேன். பாப்பா வந்து, "இங்க இருக்குப்பா" என்று நாலாவதைத் திறந்து காட்டினாள். பாத்ரூம் ஸ்விட்ச் எது என்று கேட்டேன். நீயும் அவளும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள், நான் வந்ததும் "ஒண்ணுமில்லப்பா" என்பீர்கள். உண்மையிலேயே ஒன்றும் இருக்காது, தெரியும். விளக்கிச் சொன்னாலும் எனக்குப் புரிந்திருக்காது.

நான் சமைத்தேன். மூன்று பேருக்கு எவ்வளவு போடுவது என்று கைக்குத் தெரியவில்லை. மூன்று நாள் அதையே சாப்பிட்டோம். நாலாம் நாள் மெஸ் டப்பா வந்தது. மாதப் பணம் கட்டியாயிற்று, வீணாக்கக் கூடாது என்றாய். நியாயம்தான். வாசலில் நின்று அதை நான்தான் வாங்கினேன். கொண்டுவந்த அம்மா என்னைப் பார்த்து, "ஊர்லேர்ந்து வந்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

இங்கே நான் மணி அடித்தால் இருபத்திரண்டு பேர் எழுந்து வருகிறார்கள். எது எங்கே என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பேன். அங்கே பணம் அனுப்புகிறவன் என்கிற ஒன்றுதான் எனக்கு இருந்தது. பன்னிரண்டு வருடம் முடியாது என்று நீ எழுதியபோது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு மூச்சு வந்தது. இப்போது அந்த ஒன்றும் தேவையில்லை என்று கணக்குப் போட்டு நிரூபித்துவிட்டாய். பணமும் அனுப்பாமல் அந்த வீட்டில் நான் யாராக உட்கார்ந்திருப்பேன்? பயமாக இருக்கிறது ஊசி.

மாஸ்டர்


நவம்பர் 18

என்னங்க,

கடிதம் வந்து இரண்டு நாளாயிற்று. உடனே எழுதியிருந்தால் அழுகையாக எழுதியிருப்பேன்.

எனக்கும் பயம்தான். கட்டிலின் நடுவில் படுத்துப் பழகிவிட்டேன். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லிவிட்டுப் போகிற வழக்கமில்லை. நீங்கள் வந்து ஒரு வாரத்தில் இரண்டு பேரும் எரிந்து விழுவோம். பாப்பா அறையைச் சாத்திக்கொள்வாள். நீங்கள் இல்லாமல் வீடு நடத்தக் கற்றுக்கொண்டதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. வேறு வழி இல்லாமல் கற்றது அது. ஆனால் மெஸ் டப்பாவை உங்கள் கையால் வாங்க விட்டது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. அதற்கு மனது வலிக்கிறது.

இப்போது கேளுங்கள். புத்தகத்தில் அவசர நிதி என்று ஒன்று சொல்கிறார்கள். ஆறு மாதச் செலவைத் தனியாக, நினைத்தவுடன் எடுக்கிற மாதிரி வைத்திருக்க வேண்டும். வேலை போனால், விபத்து நடந்தால், நோய் வந்தால் என்று காரணங்களை எழுதியிருக்கிறார்கள். ஏப்ரலிலிருந்து நீங்கள் அனுப்புகிற பணத்தில் வீட்டை ஓட்டிக்கொண்டு, என் சம்பளத்தை அப்படியே சேர்த்தேன். போன மாதம் நிறைந்துவிட்டது. எதற்கு என்று தெரியாமலே சேர்த்தேன், இப்போது தெரிகிறது. புருஷன் வீட்டைப் பழகிக்கொள்வது அவசரம் என்று அந்தப் புத்தகத்தில் இல்லை. நான் அதையும் அவசரமாக வைத்துக்கொள்கிறேன்.

அந்த ஆறு மாதம் நீங்கள் ஒரு காசு சம்பாதிக்க வேண்டாம். கேண்டீன்காரரைக் காத்திருக்கச் சொல்கிறேன். இழுப்பறையைத் திறந்து திறந்து மூடுங்கள். பத்துப் பேருக்குச் சமைத்து வையுங்கள், திட்டிக்கொண்டே சாப்பிடுகிறேன். ஆறு மாதம் கழித்தும் ஊரிலிருந்து வந்தவர் போலவே இருந்தால் திரும்பிப் போங்கள், தடுக்க மாட்டேன்.

நீங்கள் பணம் அனுப்புகிற ஆள் என்பதற்காக நான் இத்தனை வருடம் காத்திருக்கவில்லை. எனக்கு நீங்கள் வேண்டும். இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதிவிட்டேன்.

ஊசி


டிசம்பர் 14

அன்புள்ள ஊசிக்கு,

நேற்று காலைச் சாப்பாடு முடிந்ததும் காப்டன் அறைக்குப் போனேன். புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போவதில்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏன் மாஸ்டர், சம்பளம் பத்தலையா? வேணும்னா கம்பெனிகிட்ட பேசிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

"இல்ல சார், போதும்" என்றேன்.

பன்னிரண்டு வருடமாக ஆட்களுக்குப் பரிமாறுகிறேன். தட்டின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, "போதும் மாஸ்டர், போதும்" என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கிச்சனுக்குப் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு அரிசி களைந்தேன்.

ஜனவரி பத்தாம் தேதி வருகிறேன்.

மாஸ்டர்